எரிவாயு உருளைச் சோதனை: பொறுப்பு யாருடையது?

தலைநகரின் பேருந்துகள் அனைத்தும் சி.என்.ஜி. எனப்படும் அழுத்தமூட்டப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28-இல் உத்தரவிட்டது. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த அந்த உத்தரவுக்கு 2001 மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது. அரசு தயங்கியது, கெடு நீண்டது. 2002 ஏப்ரலில் டீசல் பேருந்துகளுக்கு நாள்தோறும் அபராதம் என்று நீதிமன்றம் கண்டிப்புக் காட்டிய பிறகே காரியம் நடந்தது. புகையின் மீது காட்டிய அந்தக் கண்டிப்பில் பாதியேனும், வாயுவைச் சுமந்து திரியும் உருளையின் மீது காட்டப்பட்டிருக்க வேண்டும்.

உருளையில் வாயு சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. கார் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு! நிரப்பும்போது பயணிகளைக் கீழே இறங்கச் சொல்வதும் இதனால்தான். நிரம்பும்போதெல்லாம் உலோகம் மிக நுண்ணிய அளவில் விரிகிறது, காலியாகும்போது சுருங்குகிறது. ஈரமும் தூசும் துருவை வளர்க்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தேய்வை அறியவே மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை விதிக்கப்பட்டுள்ளது. உருளையைக் கழற்றி, வாயுவை வெளியேற்றி, உட்புறத்தைப் பார்வையிட்டு, நீர் நிரப்பி, வழக்கத்தைவிட மிகுந்த அழுத்தம் கொடுக்கிறார்கள். அழுத்தம் நீங்கிய பின்னும் வரம்புக்கு மேல் விரிந்தே நிற்கும் உருளை தேறாது. மீண்டும் எவரும் பயன்படுத்த இயலாதவாறு அது அழிக்கப்பட வேண்டும். சோதனைக்கு நீரைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. உருளை கிழிந்தாலும் நீர் வாயுவைப்போல் வெடித்துச் சிதறாது.

விதி தெளிவாகவே இருக்கிறது. அதை நிறைவேற்றுவது யார்? உருளைக்கும் சோதனை நிலையங்களுக்கும் ஒப்புதல் தருவது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அது வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வாகனப் பதிவு போக்குவரத்துத் துறையிடம். தில்லியில் வாயுவை விற்பது, கெயில், பாரத் பெட்ரோலியம், தில்லி அரசு ஆகியவை பங்கு கொண்ட இந்திரப்பிரஸ்தா கேஸ் நிறுவனம்.

ஆட்டோவும் டாக்ஸியும் பேருந்தும் தகுதிச் சான்றுக்காகவேனும் குறித்த காலத்தில் அதிகாரியின் முன் வந்து நின்றாக வேண்டும். சொந்த உபயோகக் காருக்கோ பதிவான நாள் முதல் 15 ஆண்டுகள் வரை அந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே நடைமுறையில் ஒரே காவல், பம்பில் வாயு நிரப்பும் ஊழியர்தான். பின்னால் நீண்ட வரிசை ஒலிப்பானை அலறவிட்டுக் கொண்டிருக்க, சிறு தகட்டில் உள்ள சோதனைத் தேதியை அவர் படித்து, காலாவதியானால் வாயு தர மறுக்க வேண்டுமாம்! மறுத்தால் வரும் சண்டையையும் அவரே தாங்க வேண்டும். மூன்று பெரிய அமைப்புகள் சுமக்க வேண்டிய பொறுப்பை ஒரு கூலித் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது எந்த வகை நிர்வாகம்?

இயந்திரத்திடம் ஒப்படைக்க இயலாத வேலையும் அல்ல இது. ஆயுள் முடிந்த வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கும் திட்டத்துக்காக, 2025 ஜூலையில் தில்லி பம்புகளில் எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் பணியில் இறக்கப்பட்டன. மக்கள் எதிர்ப்பால் அத்திட்டம் சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது வேறு கதை. வாகனத்தின் வயதைச் சொல்ல முடிந்த கேமராவால் உருளையின் சோதனைத் தேதியையும் சொல்ல முடியும். தேதி வாகனப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். தேதி கடந்த வண்டிக்கு நிரப்பு இயந்திரமே திறக்கக் கூடாது. உருளையைக் கழற்றிச் சோதித்து மாட்டும் வரை வருமானத்தை இழக்கும் ஆட்டோ ஓட்டுநருக்குக் கட்டணச் சலுகை தருவதும் நியாயமே.

இது தில்லியின் கவலை மட்டுமன்று. தமிழகத்திலும் 2024-இல் அரசுப் பேருந்துகள் சில சோதனை முறையில் சி.என்.ஜி.க்கு மாற்றப்பட்டன. மூன்றாண்டுக் கணக்கின்படி அவற்றின் உருளைகளுக்கு முதல் சோதனை 2027-இல் வருகிறது. அந்தத் தேதிகளை எந்தத் துறை குறித்து வைத்திருக்கிறது என்பதைத் தமிழக அரசு இப்போதே கேட்டறிய வேண்டும்.