கேனனாவது கீனனாவது!

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் கடுப்புல எழுதறது. 'ஏலியன்ஸ்' 1986ல வந்த படம், 'ஏலியன் 3' 1992ல வந்த படம். இன்னும் பார்க்கலை, முடிவு தெரியக்கூடாதுன்னு நினைக்கிறவங்க யாராவது இருந்தா இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க.

போன வாரம் நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம்னா உயிரை விடற ஆசாமி. ஆசையா அலமாரியில இருந்து டார்க் ஹார்ஸ் கம்பெனி போட்ட 'ஏலியன்ஸ்' காமிக்ஸை எடுத்து நீட்டினேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இது கேனனா?"

இல்லைன்னேன்.

"அப்புறம் எதுக்குங்க படிக்கணும்?" அப்படியே திருப்பிக் கொடுத்துட்டு காபியைக் குடிக்க ஆரம்பிச்சுட்டார்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: கேனன்னா இங்கே கேமராவும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஒரு படத்தோட உரிமையை வச்சிருக்கிற கம்பெனி, அந்தப் படத்தை ஒட்டி வர்ற நாவல், காமிக்ஸ் எல்லாத்தையும் பார்த்து, 'இந்தக் கதை நிஜமா நடந்தது, அந்தக் கதை நடக்கவே இல்லை'ன்னு குத்தற முத்திரைதான் கேனன். ரெண்டு கதையுமே கட்டுக்கதை. அதுல எது 'நிஜம்'னு கம்பெனிக்காரன் சொல்றான், அதை நாமளும் தலையாட்டிக் கேட்டுக்கறோம். கேனன்ங்கிற பேரு யாரைப் பார்த்து வச்சதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு :-)

நண்பர் திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கு வருவோம். அதோட கதையைவிட அதுக்கு நடந்த கதை பெரிசு.

1988ல மார்க் வெர்ஹைடன் எழுதி மார்க் நெல்சன் வரைஞ்ச ஆறு இதழ் தொடர். கறுப்பு வெள்ளை. அப்போ மூணாவது படம் என்னவா இருக்கும்னு வெளியில யாருக்கும் தெரியாது. அதனால வெர்ஹைடன் துணிஞ்சு முன்னாடி போனார். படத்துல ரிப்ளி காப்பாத்தின குட்டிப்பொண்ணு நியூட் இதுல வளர்ந்த பொண்ணு, மனநல மருத்துவமனையில இருக்கா. ராத்திரியானா அதே கெட்ட கனவு. சிப்பாய் ஹிக்ஸுக்கு ஆசிட்ல வெந்த பாதி முகம்; குடிக்கிறான், கூட இருக்கிற சிப்பாய்களே அவனை ஒதுக்கறாங்க. அந்த ஜந்துவைப் பிடிச்சு ஆயுதமாக்கலாம்னு கம்பெனிங்க ஒரு பக்கம். அதையே சாமியா கும்பிடற கூட்டம் இன்னொரு பக்கம். கடைசியில பூமியே போயிடுது. ஆமாங்க, மொத்த பூமியும்! ஹாலிவுட்காரன் பட்ஜெட்டை நினைச்சுப் பயந்து தொடாத இடத்தை ரெண்டு பேர் பேனாவும் மையும் வச்சு முடிச்சுட்டாங்க.

எனக்குப் பிடிச்சது பூமி அழியற சமாச்சாரம்கூட இல்லை. தப்பிச்சு வந்ததுக்கு அப்புறம் என்ன ஆகும்னு ஒரு கேள்வி இருக்கு பாருங்க, அதை எடுத்துக்கிட்டது. படம் முடிஞ்சதும் லைட்டைப் போட்டுடறாங்க, நாமளும் எழுந்து வந்துடறோம். அந்தக் குழந்தை அதுக்கப்புறம் எப்படித் தூங்கும்? அதைக் கேட்டது இந்தக் காமிக்ஸ்தான்.

1992ல 'ஏலியன் 3' வந்தது. டைட்டில் ஓடி முடியறதுக்குள்ள நியூட்டும் ஹிக்ஸும் காலி. ஆக, காமிக்ஸ்ல வளர்ந்து நிக்கிற நியூட் 'தப்பு' ஆயிட்டா. இப்ப என்ன பண்றது?

பேரை மாத்திட்டாங்க! மறுபதிப்புல நியூட் 'பில்லி' ஆயிட்டா, ஹிக்ஸ் 'வில்க்ஸ்' ஆயிட்டான். வேற ஏதோ கிரகத்துல, வேற ஏதோ சமயத்துல இவங்களுக்கும் அதே மாதிரி ஒரு சம்பவம் நடந்துச்சாம். ஸ்டீவ் பெரி இதையே நாவலா எழுதினப்பவும் இதே பில்லி, வில்க்ஸ்தான். அடுத்தடுத்த நாவல்ல ரிப்ளி வரணுமே, அவளைத்தான் படத்துல சாகடிச்சாச்சே? ஆண்ட்ராய்டுன்னு சொல்லிட்டாங்க. ரேஷன் கார்டுல பேர் திருத்தறதுக்குக்கூட நம்ம ஊர்ல இதைவிட அதிகமா யோசிப்பாங்க.

நான் முதல்ல படிச்சது இந்தத் திருத்தின பதிப்பைத்தான். பழைய புத்தகக் கடையில அட்டை கிழிஞ்சு கிடந்தது. படிக்கப் படிக்க ஒரு குழப்பம். இந்த பில்லி யாரு? இவளை எனக்கு நல்லாத் தெரியுமே? முகம் அதே, பயம் அதே, ஆனா பேர் வேற. ஏதோ மொழிபெயர்ப்புப் படத்துல வாயசைப்பு ஒட்டாத மாதிரியே இருந்தது. பல வருஷம் கழிச்சுத்தான் விவரம் தெரிஞ்சது. தெரிஞ்ச அன்னிக்கு வந்த கோபம் இருக்கே... அந்தப் பொண்ணு பிழைச்சு வளர்ந்தாங்கிறதை என்கிட்டேர்ந்து ஒளிச்சு வச்சிருக்காங்க. எதுக்கு? வேற ஒரு படத்தோட முதல் அஞ்சு நிமிஷத்துக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு!

இதுல கூத்து என்னன்னா, 2016ல 'ஏலியன்ஸ்' படத்துக்கு 30 வருஷம் ஆச்சுன்னு அதே டார்க் ஹார்ஸ் கெட்டி அட்டையில ஒரு பதிப்பு போட்டாங்க. பழைய கறுப்பு வெள்ளை, பழைய பேர்கள். நியூட், ஹிக்ஸ்! அப்ப வானம் இடிஞ்சு விழுந்துச்சா? 'ஏலியன் 3' டிவிடி எல்லாம் தானா அழிஞ்சு போச்சா? ஒண்ணும் ஆகலை. அப்படின்னா நடுவுல இத்தனை வருஷம் யாருக்காக அந்தப் பேரை அழிச்சு வச்சிருந்தீங்க? "இது கேனனா?"ன்னு கேக்கிற என் நண்பர் மாதிரி ஆளுங்களுக்காகத்தான்.

ஸ்டார் வார்ஸ் கதை இன்னும் மோசம். 1991ல டாம் வீட்ச் எழுதி கேம் கென்னடி வரைஞ்ச 'டார்க் எம்பயர்' வந்தது. செத்துப்போன சக்கரவர்த்தி க்ளோன் உடம்புல திரும்ப வர்றான், லூக் அவன்கிட்டயே போய்ச் சேர்றான். பெரிய காவியம்னு சொல்ல மாட்டேன். வேடர் உயிரைக் கொடுத்துப் பண்ண தியாகம் வீணாப் போச்சேன்னு கரிச்சுக் கொட்டினவங்க நிறைய, அதுல நியாயமும் இருக்கு. ஆனா தைரியமான கதை. 2014 ஏப்ரல்ல லூகாஸ்ஃபிலிம் என்ன சொன்னாங்க? இது மாதிரி பழைய காமிக்ஸ், நாவல் எல்லாம் இனிமே 'லெஜண்ட்ஸ்', நடக்கவே இல்லை. சரி. 2019ல 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படம் எடுத்தாங்க. அதுல என்ன வருது? சக்கரவர்த்தி. க்ளோன் உடம்புல! நடக்கவே இல்லைன்னு தள்ளி வச்ச கதையோட முதுகெலும்பை உருவி எடுத்துக்கலாம், ஆனா அந்தக் கதை மட்டும் பொய். என்ன நியாயம்பா இது?

முத்திரை குத்தின காமிக்ஸ் எப்படி இருக்குன்னும் பார்ப்போம். மார்வெல் 2015 ஜனவரியில ஆரம்பிச்ச 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழ் பத்து லட்சம் பிரதிக்கு மேல கடைகளுக்குப் போச்சு. டஜன் கணக்குல மாத்து அட்டைகள் வேற. ஜேசன் ஆரன் எழுத்து, ஜான் கேசடே ஓவியம், ரெண்டு பேருமே கில்லாடிகள். ஆனா கதை நடக்கிறது முதல் படத்துக்கும் ரெண்டாவது படத்துக்கும் நடுவுல. லூக் சாக மாட்டான்னு தெரியும். ஹான் யாரைக் காதலிப்பான்னு தெரியும். வேடர் வாளை ஓங்கினாலும் லூக் மேல படாதுன்னு தெரியும். 2019 வரைக்கும் 75 இதழ், இந்தச் சந்துக்குள்ளயே வண்டி ஓட்டினாங்க. அது முடிஞ்சதும் 2020ல அடுத்த சந்து: ரெண்டாவது படத்துக்கும் மூணாவது படத்துக்கும் நடுவுல, 2024 வரைக்கும் இன்னொரு 50 இதழ். சீரியல்ல விளம்பர இடைவேளையை மட்டும் தனியா எடுத்து ஒளிபரப்பினா எப்படி இருக்கும்?

நியாயமா ஒண்ணு சொல்லணும். அதே 2015ல கீரன் கில்லன் எழுதின 'டார்த் வேடர்' தொடர் அருமை. மகன் உயிரோட இருக்கான்னு வேடருக்குத் தெரியவர்ற பக்கம், எதிர்ல இருக்கிற கண்ணாடி விரிசல் விடற பக்கம், அதை நான் எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன்னு கணக்கே இல்லை. முத்திரை குத்தினதெல்லாம் குப்பைன்னு நான் சொல்ல வரலை. ஆனா அந்தத் தொடரைத் தூக்கி நிறுத்தினது யாரு? டாக்டர் ஆஃப்ரா. படத்துல இல்லாத ஆளு, கில்லனும் ஓவியர் சால்வடோர் லரோக்காவும் உருவாக்கின ஆளு. அவ எப்ப வேணா சாகலாம். அதனாலதான் அவ வர்ற பக்கத்துல நமக்குப் படபடன்னு இருக்கு.

அதே மாதிரி முத்திரை இல்லாததெல்லாம் தங்கமும் இல்லை. 1967ல கோல்ட் கீ கம்பெனி ஆரம்பிச்ச 'ஸ்டார் ட்ரெக்' காமிக்ஸோட ஆரம்ப இதழ்கள்ல என்டர்ப்ரைஸ் கப்பல் பின்னாடி தீபாவளி ராக்கெட் மாதிரி நெருப்பு கக்கும். வரைஞ்ச ஆல்பர்ட்டோ ஜியோலிட்டி இத்தாலிக்காரர், பாவம், தொடரைப் பார்த்ததே இல்லை, ஃபோட்டோவை வச்சு ஒப்பேத்தினார். மார்வெலோட பழைய 'ஸ்டார் வார்ஸ்'ல ஒரு பச்சை முயல் வரும், பேரு ஜாக்ஸன். துப்பாக்கி எல்லாம் வச்சிருக்கும். சிரிச்சுட்டுப் பக்கத்தைப் புரட்டினோம், அவ்வளவுதான். முயல் வந்ததால ஸ்டார் வார்ஸ் செத்தா போச்சு?

டாக்டர் ஹூ ரசிகர்களைப் பாருங்க. எது கேனன்னு பிபிசி ஒரு பட்டியலே போட்டதில்லை. 1980ல பேட் மில்ஸ், ஜான் வேக்னர், டேவ் கிப்பன்ஸ் சேர்ந்து பத்திரிகையில பண்ண ஒரு காமிக்ஸ்ல பீப் த மீப்னு ஒரு ஜந்து வரும். பார்க்க பொம்மை, உள்ளுக்குள்ள ராட்சசன். 2023ல அதே கதையை, 'தி ஸ்டார் பீஸ்ட்'ங்கிற அதே பேர்ல, டிவியில எடுத்தாங்க. 43 வருஷம் அந்தக் கதை ரசிகர்கள் மனசுல இருந்திருக்கு. யாரும் முத்திரைக்காகக் காத்துக்கிட்டு இல்லை.

நம்மாளு கேக்கிறதுக்குப் பின்னாடி இருக்கிற பயம் எனக்குப் புரியாம இல்லை. காசு குடுத்து, நேரம் குடுத்து, ஒரு கதாபாத்திரத்தை நேசிச்சு, கடைசியில 'இது செல்லாது'ன்னு சொல்லிட்டா வலிக்கும். ஆனா செல்லாதுன்னு சொல்ற அதிகாரத்தை அவன் கையில குடுத்தது யாரு? நோட்டை அரசாங்கம் செல்லாதுன்னு சொல்லலாம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என்னைத் தூங்க விடாம படிக்க வச்ச ஒரு கதையை எவன் செல்லாதுன்னு சொல்றது?

நண்பர் மேல கோபமெல்லாம் இல்லை. இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றேன்னு சொல்லியிருக்கார். அந்த 2016 பதிப்பை டீப்பாய் மேலயே எடுத்து வச்சிருக்கேன். கேட்டார்னா கேனன்தாங்கன்னு கூசாம சொல்லிடப்போறேன்.

பி.கு: அந்தக் கிழிஞ்ச அட்டை பில்லி - வில்க்ஸ் பதிப்பு இன்னும் என்கிட்டதான் இருக்கு. முதல் பத்து பக்கத்துக்கு பால்பாயிண்ட் பேனாவால 'பில்லி'யை அடிச்சு 'நியூட்'னு எழுதி வச்சிருக்கேன். பதினோராவது பக்கத்துல கை வலிச்சு விட்டுட்டேன்.