சாமிக்கு எந்த டீம்?

எங்கள் வீட்டில் பூஜை அலமாரிக்கும் டி.வி.க்கும் நடுவே எட்டடி தூரம்தான். இந்தியா ஆடும் நாட்களில் அந்த எட்டடியும் காணாமல் போய்விடும். விளக்கேற்றிய கையோடு அம்மா வந்து உட்காருவார். அப்பா தன்னுடைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் விக்கெட் போய்விடுமாம்! பாத்ரூமுக்குக்கூட ஓவர் முடிந்த பிறகுதான். என் மகன் ஒரு படி மேலே. ‘இன்னிக்கு ஜெயிச்சா பிள்ளையாருக்கு 11 தேங்காய்’ என்று வேண்டிக்கொள்வான். காசு யார் தருவதென்று அவனும் சொல்வதில்லை, பிள்ளையாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் வேடிக்கை. நானும் ரசிப்பேன். இந்த வேடிக்கை எந்த இடத்தில் வினையாகிறது என்பதுதான் என் கவலை.

2023 நவம்பர் 19 ஞாபகம் இருக்கிறதா? அகமதாபாத் ஃபைனல். வரிசையாகப் பத்து மேட்ச் ஜெயித்துவிட்டு வந்த அணி. 240-க்கு ஆல் அவுட். டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று என் மகன் ஆறாம் வகுப்பு. ராத்திரி சாப்பிட வரவில்லை. பூஜை அலமாரிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, ‘நான் கேட்டேனே, சாமி ஏம்ப்பா கேக்கலை?’ என்றான்.

நான் பெரிசாக விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டார். ‘சாமி மேல கோபம்னா சாமிகிட்ட சண்டை போடு. தோசை மேல என்னடா கோபம்? எழுந்து வா!’ பையன் எழுந்து வந்தான். மூன்று தோசை சாப்பிட்டான். ஆனால் அவன் கேட்ட கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்வியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கள் இல்லை. அதற்கு முந்தின ஒரு வாரம் செய்தி சேனல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஹோமம். இன்னொரு பக்கம் ஜோதிடர்கள் வந்து, எந்த கிரகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் சதம் அடிப்பார் என்று ஆரூடம். ‘போர்’, ‘பழிக்குப் பழி’ என்று திரை முழுக்கப் பெரிய எழுத்து. ஒரு மேட்சைத் தெய்வ வாக்கு மாதிரி ஆக்கிவிட்டால், தோற்கும்போது பதினோரு வயசுப் பையன் தெய்வத்தைத்தானே சந்தேகப்படுவான்? மறுநாள் அதே சேனல்கள் ‘யார் காரணம்?’ என்று கத்தியைத் தீட்ட ஆரம்பித்தன. ஜோதிடர்கள் யாரையும் காணோம்!

‘அந்தக் காலத்தில்...’ என்று ஆரம்பிக்கிற அப்பாக்களைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஆகாது. இருந்தாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் ரேடியோவில் தமிழ் வர்ணனை வரும். அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. பந்து எங்கே போனது, யார் துரத்தினார்கள், வெயில் எப்படி என்று சொல்வார்கள். இந்தியா தோற்கும்போதும் எதிரணி பேட்ஸ்மேன் அடித்த பவுண்டரி நமக்கு அழகாகவே தெரியும். அவர்கள் நமக்கு ஆட்டத்தைக் கொடுத்தார்கள். கோபத்தை நாமாகத்தான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று அது ரெடிமேடாக வீட்டுக்கே வந்து சேர்கிறது.

இது உடம்புக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை கால்பந்து நடந்தபோது, மியூனிக் நகரிலும் சுற்றுப்புறத்திலும் இதயக் கோளாறுக்காக அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்களை டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை மற்ற நாட்களைப்போல 2.66 மடங்கு! ஆண்களுக்கு 3.26 மடங்கு, பெண்களுக்கு 1.82 மடங்கு. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆட்டம் தொடங்கி முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம் பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். மைதானத்தில் ஓடியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆகியிருக்கிறது.

என் அப்பாவுக்கு பி.பி. உண்டு. ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறது. ‘மேட்ச் முடிஞ்சதும் மாத்திரை போட்டுக்கறேன்’ என்பது அவர் வழக்கம். இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டாஸ் போடுவதற்கு முன்னால் மாத்திரை உள்ளே போய்விட வேண்டும். ஐம்பது ஓவரும் அசையாமல் உட்காரக் கூடாது, நடுவில் எழுந்து நடக்க வேண்டும், விக்கெட் விழுந்தாலும் பரவாயில்லை! இந்த இரண்டாவது சட்டத்துக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தாலோ, மூச்சு வாங்கி வியர்த்துக் கொட்டினாலோ, ‘கடைசி ஓவர்தானே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே 108-க்கு போன்.

சரி, விளையாட்டில் பக்தியே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். பிரக்ஞானந்தாவை நெற்றியில் விபூதி இல்லாமல் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஹஷிம் அம்லா, தன் மதத்துக்கு ஒவ்வாது என்று சட்டையில் மதுபான லோகோ போட்டுக்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் எரிக் லிடெல், 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஹீட்ஸ் ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று அதில் ஓட மறுத்துவிட்டு, 400 மீட்டரில் ஓடித் தங்கம் வாங்கினார். இவர்கள் யாரும் சாமியைத் தங்கள் டீமில் சேர்த்துக்கொண்டதாக எனக்குப் படவில்லை. தாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத்தான் பக்தியை வைத்துக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் ஜெமிமா ரோட்ரிக்ஸ். 2025 அக்டோபர் 30, நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 338. பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு ரன்னைத் துரத்தி ஜெயித்ததில்லை. ஜெமிமா 127 நாட் அவுட்! என் மகள் கூச்சல் போட்டதில் கீழ் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து அந்தப் பெண் பேசியதைக் கேட்டீர்களா? இயேசுவுக்கு நன்றி சொன்னார். அம்மா, அப்பாவுக்கு நன்றி சொன்னார். அந்தத் தொடரில் நடுவே ஒரு மேட்சில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். மனப் பதற்றத்தில் தவித்ததையும், அம்மாவுக்கு போன் செய்து அழுததையும், கூட ஆடும் தோழிகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதையும் ஒளிக்காமல் சொன்னார். இப்படிக் கஷ்டப்படும் வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் சொல்வதாகவும் சொன்னார்.

எவ்வளவு பெரிய விஷயம்! நம் வீடுகளில் பிள்ளைகள் ‘மனசு சரியில்லை’ என்றால், ‘உனக்கென்ன குறைச்சல்?’ என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறோம். சதம் அடித்த பெண் டி.வி.யில் அழுதுகொண்டே அதைச் சொல்கிறாள் என்றால், பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு அது ஆயிரம் அட்வைஸுக்குச் சமம். ஆனால் மறுநாள் சிலர் எதைப் பிடித்துக்கொண்டார்கள்? பதற்றத்தை விட்டுவிட்டார்கள், அம்மாவை விட்டுவிட்டார்கள். இயேசு பெயரை ஏன் சொன்னாள் என்பதில் ஆரம்பித்துவிட்டது சண்டை. என் அம்மாவுக்கு இது புரியவே இல்லை. ‘அவ சாமிக்கு அவ நன்றி சொல்றா. இதுல இவங்களுக்கு என்ன?’ என்றார். தினம் கந்த சஷ்டி கவசம் சொல்கிற அம்மா!

சேனலை மட்டுமே குறை சொல்லிப் பயன் இல்லை. பார்க்கிற கூட்டம் நினைத்தால் பெரிய மனசோடு இருக்க முடியும். 1999 ஜனவரி, சேப்பாக்கம். பாகிஸ்தானுடன் டெஸ்ட். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. அரங்கமே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நம் ஊர் ஜனங்கள்! அவர்களிலும் எத்தனையோ பேர் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்தவர்கள்தானே?

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.பி.எல். மேட்ச் 7.30-க்கு ஆரம்பித்து முடிவதற்குள் பதினொன்றரை மணி சுமார் ஆகிவிடுகிறது. அதுவும் பரீட்சை சீசனில்! பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நடுவில் வரும் விளம்பரங்களோ... ஏலக்காய் என்பார்கள், அது எந்த பாக்கெட்டின் தம்பி என்று நமக்குத் தெரியும். பணம் கட்டி டீம் அமைக்கும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை விதித்தது. எனக்கு அது நிம்மதி.

எங்கள் வீட்டில் இப்போது பத்து மணிக்கு டி.வி. ஆஃப். ஸ்கோர் காலையில் பேப்பரில். மேட்சுக்கு முன்னும் பின்னும் வரும் விவாதங்கள் கிடையவே கிடையாது. வேண்டுதல் மட்டும் அவரவர் இஷ்டம். மகன் இப்போது எட்டாவது. ‘யாருக்கும் அடிபடாம ஆட்டம் நடக்கணும்’ என்று வேண்டிக்கொள்வதாகச் சொல்கிறான். கூடவே மெதுவாக, ‘இந்தியா ஜெயிச்சாலும் பரவாயில்லை’ என்று சேர்த்துக்கொள்வானாம்.

மகள்தான் புதுசாக ஒன்றைக் கிளப்பியிருக்கிறாள். பார்த்தது போதும், ஆட வேண்டுமாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு கிரவுண்டுக்குக் கூட்டிப் போகும் டியூட்டி எனக்கு. பிரம்பு நாற்காலியைக் காரில் ஏற்ற முடியுமா என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.