மாணவர்-வீரர் என்னும் வேடம்

கல்லூரிக் கால்பந்தில் பெயர்பெற்ற ஓர் இளைஞர் தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போகும்போதெல்லாம் அமெரிக்க விளையாட்டு எழுத்தில் ஒரே ஒப்பாரி கேட்கிறது: மெய்யான விளையாட்டிலிருந்து பொய்யான விளையாட்டுக்குச் சரிந்துவிட்டார். (கால்பந்து என்று இங்குச் சொல்லப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து.) ரோலான் பார்த்தின் மல்யுத்தக் கட்டுரையைப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் சற்று நாகரிகமாக, விளையாட்டிலிருந்து காட்சிக்கு நகர்ந்தார் என்பார்கள். பார்த் மேடையைக் கூர்ந்து பார்த்தார்; மேடையில் புரள்பவருக்கு யார், எந்தப் பெயரில், எவ்வளவு கூலி கொடுக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வியன்று. அவரை மேற்கோள் காட்டுவோரும் அதைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால், இரண்டு களங்களில் பெரிய வேடம் எங்கே போடப்படுகிறது என்பதில் அவர்களுக்கு ஐயம் வந்திருக்கும்.

இந்தப் பாதை புதியதன்று. டார்ட்மத் கல்லூரியில் ஆடிய கஸ் சோனன்பர்க் 1929 ஜனவரியில் பாஸ்டனில் எட் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றார். கால்பந்தில் எதிராளியின் மேல் பாய்ந்து சாய்க்கும் அடியையே அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். கூட்டம் அதற்காகவே வந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ப்ரான்கோ நகர்ஸ்கி சிகாகோ பேர்ஸ் அணியில் ஆடிக்கொண்டே மல்யுத்தமும் செய்தார். 1937இல் உலகப் பட்டம் வென்றார். அதே ஆண்டு ஊதியத் தகராறில் கால்பந்தை விட்டு விலகினார். ஒருவரைக் கூடத்திலிருந்து கொட்டகைக்குத் துரத்தியது கலைத்தாகமும் அன்று, ஒழுக்கச் சரிவும் அன்று, கணக்குப் புத்தகம்.

நகர்ஸ்கிக்காவது மறுக்கப்படுவதற்கு ஓர் ஊதியம் இருந்தது. கல்லூரி ஆட்டக்காரருக்கு அதுவும் இல்லை. அவருக்குத் தரப்பட்டது ஒரு பெயர்: ‘மாணவர்-வீரர்’. அந்தச் சொல்லின் பிறப்பை ஒவ்வொரு விளையாட்டுத் துறையும் முதல் வகுப்பிலேயே நடத்த வேண்டும். 1955இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்காடினார். கல்லூரி கால்பந்து வணிகம் நடத்தவில்லை என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் அவரை வெறுங்கையுடன் அனுப்பியது. இத்தகைய கோரிக்கைகள் பெருகிவிடுமோ என்ற அச்சத்தில்தான் ‘மாணவர்-வீரர்’ என்ற சொல்லை உருவாக்கி எல்லா விதிகளிலும் புகுத்தினோம் என்பதை, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் முதல் செயல் இயக்குநர் வால்டர் பையர்ஸே தம் 1995ஆம் ஆண்டு நினைவு நூலில் ஒப்புக்கொண்டார். அச்சொல் தன் வேலையைச் செவ்வனே செய்தது. 1974இல் ஆட்டக்களத்தில் முதுகுத்தண்டு முறிந்து செயலிழந்த டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக ஆட்டக்காரர் கென்ட் வால்ட்ரெப், பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர் என்று 2000இல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. கால் நூற்றாண்டு சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு அச்சொல்லின் இலக்கணம் அவ்வாறு விளக்கப்பட்டது. (‘கௌரவ விரிவுரையாளர்’ என்ற பதவிப் பெயரில் கௌரவம் யாருக்கு, விரிவுரை யாருக்கு என்று அறிந்தவர்களுக்கு இந்த இலக்கணம் அந்நியமாக இராது.)

இனி, ‘பொய்யான’ களத்துக்கு வருவோம். இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் நிறுவனம், 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டின் முன், தான் நடத்துவது போட்டியன்று, பொழுதுபோக்கு என்று தானே அறிவித்தது. உண்மையின் மீது திடீரென்று பிறந்த காதலால் அன்று. விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வையிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காக. ஆனாலும் சொல்லிவிட்டது. முடிவு முன்னரே எழுதப்பட்டது என்பது அதன்பின் அரங்கில் அமர்ந்த சிறுவனுக்கும் தெரியும். எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகளைக் கட்டிக்கொண்டு, பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம் கொடுத்துக்கொண்டு, ஆடுபவர் மட்டும் பொழுதுபோக்காகப் படிக்க வந்த மாணவர் என்று சாதித்த பல்கலைக்கழகங்கள் அத்தகைய ஒப்புதலை எந்தச் செனட்டின் முன்னும் தரவில்லை.

இதனால் மல்யுத்த முதலாளி நேர்மையானவர் ஆகிவிடமாட்டார். மேடையேறுபவருக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’. எந்த ஊரில், எந்த உடையில், யாரிடம் தோற்பது என்பதை நிறுவனம் சொல்லும். பொது மருத்துவக் காப்பீட்டைச் சுயேச்சையாளர் தாமே தேடிக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில், வெளி இணையத் தளங்களில் தம் பெயரை வைத்துப் பொருள் ஈட்டுவதை நிறுத்துமாறு இந்தச் சுயேச்சையாளர்களுக்கு ஆணை பிறந்தது. ஆணைக்குக் கட்டுப்பட்டாக வேண்டிய சுயேச்சை எவ்வகைச் சுயேச்சை என்று நிறுவனத்தின் வழக்கறிஞர்கள்தாம் விளக்க வேண்டும். 1986இல் ஜெசி வென்ச்சுரா தொழிற்சங்கம் அமைக்க முயன்றார். முயற்சி முளையிலேயே கருகியது. இன்றளவும் அங்குச் சங்கம் இல்லை.

ஆக, இளைஞர் கடந்து செல்வது மெய்யிலிருந்து பொய்க்கு அன்று. உழைப்பாளி என்று அழைக்கப்படாத ஓரிடத்திலிருந்து, உழைப்பாளி என்று அழைக்கப்படாத வேறோர் இடத்துக்கு.

ஜோ அனோவாயியின் வாழ்க்கை இதற்குப் போதிய சான்று. ஜார்ஜியா டெக் அணியின் தலைவர்களுள் ஒருவராக 2006இல் ஆடியவர். 2007இல் எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை, மின்னசோட்டா வைக்கிங்ஸ் பின்னர் ஒப்பந்தம் செய்தது, இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, அணி விடுவித்தது. கனடாவில் ஒரு பருவம் ஆடிவிட்டு 2010இல் மல்யுத்தத்துக்கு வந்தார். ரோமன் ரெயின்ஸ் என்ற பெயர் அங்குத்தான் கிடைத்தது. 2018 அக்டோபரில் நோய் திரும்பியதை மேடையில் அறிவிக்க வந்தபோது, தம் உண்மைப் பெயர் ஜோ என்று முதலில் சொல்ல நேர்ந்தது. பதினோராண்டுகளாக அந்நோயுடன் வாழ்வதை அதன்பின்னரே சொன்னார். நோயுறும் உடலுக்குச் சொந்தக்காரரின் பெயரும், சட்டைகளில் அச்சாகி விற்கும் பெயரும் வெவ்வேறாக இருப்பதன் பொருள் அன்றிரவு அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு விளங்கியிருக்கும்.

‘ராக்’கைப் பாருங்கள் என்று உடனே மறுப்பு எழும். பார்க்கலாம். டுவேன் ஜான்சன் 1991இல் தேசிய வாகை சூடிய மயாமி பல்கலைக்கழக அணியில் இருந்தவர். 1995இல் கனடாவின் கால்கரி அணி நீக்கியபோது கையில் ஏழு டாலர் இருந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தம் படநிறுவனத்துக்கும் அதையே பெயராக வைத்தார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு அந்த ஏழு டாலர் வற்றாத ஊற்று. வாகை சூடிய அணியில் ஆடியவரின் பையில் ஏன் ஏழு டாலர் மட்டும் இருந்தது, அந்த அணி ஈட்டிய மீதி எவர் பைக்குப் போனது என்று அவர்கள் கேட்பதில்லை. ‘தி ராக்’ என்ற பெயரின் உரிமைகூட, தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அவர் அமர்ந்த 2024 ஜனவரியில்தான் அவருக்கு வந்தது. உலகமே அறிந்த ஒருவர் தம் பெயரைப் பெற இயக்குநராக வேண்டியிருந்தது என்றால், மற்றவர்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. கல்லூரிக் கால்பந்தாட்டக்காரர் நூற்றுவரில் இருவர்கூட என்.எஃப்.எல்.லுக்குப் போவதில்லை, மேடைக்குப் போவோரில் ராக் ஆவது அதனினும் அரிது. விதிவிலக்கைக் காட்டி விதியை மறைப்பது பழைய தந்திரம்.

எர்னி லாட் இவ்விரு களங்களையும் அருகருகே வைத்து அளந்து பார்த்தவர். கிராம்ப்ளிங் கல்லூரியில் ஆடி, 1961இல் சான் டியேகோ சார்ஜர்ஸில் சேர்ந்து, பருவ இடைவெளிகளில் மல்யுத்தம் செய்தார். 1965 ஜனவரியில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் நிறவெறியை எதிர்த்து நட்சத்திர ஆட்டத்தைப் புறக்கணித்த கறுப்பின வீரர்களில் அவரும் ஒருவர். ஆட்டம் ஹியூஸ்டனுக்கு மாற்றப்பட்டது. முழங்கால் தேய்ந்த பின் முழுநேர மல்யுத்தராகி நன்றாகவே சம்பாதித்தார். அவரை ‘வீழ்ந்தவர்’ என்று எழுதியவர்களின் சொந்தச் சம்பளத்துக்கு அவ்வாறான அளவுகோல் எதுவும் வைக்கப்படவில்லை.

2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர் தம் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றை விற்றுப் பொருள் ஈட்டலாம் என்றானது. என்.ஐ.எல். எனப்படும் இவ்வுரிமை நீண்ட நீதிமன்றப் போராட்டங்களின் நிழலில் கிடைத்தது. ஐந்தே மாதங்களில், அவ்வாண்டு டிசம்பரில், டபிள்யூ.டபிள்யூ.இ. ‘நெக்ஸ்ட் இன் லைன்’ என்ற திட்டத்தை அறிவித்தது. அதன் சுருக்கமும் என்.ஐ.எல். என்றே அமைந்தது தற்செயல் அன்று. மாணவராக இருக்கும்போதே ஒப்பந்தம், ஆர்லாண்டோ பயிற்சி மையத்துக்குள் நுழைவு, படிப்பு முடிந்தபின் முழு ஒப்பந்தத்துக்கான வாய்ப்பு. தம் பெயரின் மீது உரிமை பெற்ற முதல் தலைமுறையை நிறுவனம் கல்லூரி வாயிலிலேயே நின்று வரவேற்கிறது. உள்ளே போனவருக்கு அங்கே பெரும்பாலும் புதிய பெயர் சூட்டப்படுகிறது. அதன் வணிகமுத்திரை நிறுவனத்தின் பேரில் பதிவாகிறது.

2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கின் சமரசம், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்க வழி திறந்தது. அவர்கள் ஊழியர்களா என்ற கேள்விக்கு அந்தச் சமரசம் விடை சொல்லவில்லை.