வானத்துக் கணக்கு கிணற்றுக்கு ஆகாது

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024 இல் திறக்கப்பட்டதிலிருந்து குழாய்க்கிணற்றுக் கட்சிக்காரர்கள் ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். பெருக்கினால் 125 கோடி கன மீற்றர் நீர். ஆலையின் கொள்ளளவோ நாளுக்கு 24,000 கன மீற்றர். ஆண்டு முழுக்க ஓடினாலும் ஒரு கோடியை எட்டாது. ஆகவே ஆலை வீண்செலவாம். ஆழக் குழாய் இறக்கினால் குடிக்கவும் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் காலடி நீரே போதுமாம்.

பெருக்கல் சரி. அதற்குப் பிறகு ஒன்றும் சரியில்லை.

அந்த மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி வழுக்கையாற்றாலும் வாய்க்கால்களாலும் கடனீரேரிக்குப் போகிறது. மண்ணுக்குள் இறங்கியதாவது தங்குமா? வலிகாமத்தின் அடியில் இருப்பது பொந்தும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். நீரை விரைவாக உள்ளே வாங்கும், அதே விரைவில் கடலுக்கும் விட்டுவிடும். கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் ஊறும் அந்த நீர், கடலுக்குப் போகும் வழியில் இருக்கும் நிலத்தடி நீர்தான். மார்கழியில் விழுந்ததைக் காட்டி ஆவணியில் இறைக்கச் சொல்கிறவர், போன மாதச் சம்பளத்தை இந்த மாதமும் எண்ணிப் பார்க்கிறவர்.

ஆழக் குழாய் யோசனை இதைவிட மோசம். குடாநாட்டின் நன்னீர், வில்லை வடிவில், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் முதலில் கற்கும் பாடம். அதையே திருப்பிப் போடுங்கள்: நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், உப்பு காலப்போக்கில் 4 மீற்றர் மேலேறும். ஆழம் போகப் போக நீர் கூடாது, உப்புத்தான் கூடும். இவர்கள் மேடைதோறும் நிலாவரையை வேறு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அடியில்லாக் கிணறு என்று பெயரெடுத்த நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். எதிர்த்தரப்புச் சாட்சியைத் தாங்களே கூண்டில் ஏற்றுகிறார்கள்!

துலா மிதித்து இறைத்த காலத்திலும் தோட்டம் செழித்ததே என்று கேட்பார்கள். செழித்தது. துலா மிதித்தவருக்குக் கால் வலித்தது. நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு வலிப்பதில்லை.

இவ்வளவு பேசுகிறவர்கள் தண்ணீரின் தரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் பகுதிகளில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் பல என்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. யூரியாவும் எருவும் கிணற்றை ஒட்டிய மலசலகூடக் குழிகளும் காரணம். சுன்னாகத்தில் கிணறு கிணறாக எண்ணெய் மிதந்ததும், அந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்ததும் அதற்குள் மறந்துபோயிற்றா? அந்த 125 கோடியில் குடிக்கக்கூடியது எவ்வளவு என்று இவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

நீர்வள மதிப்பீடு என்றால் மழையையும் பரப்பையும் பெருக்குவதல்ல. மழைக்கு முந்திய புரட்டாதியில், கிணறுகள் வற்றிக் கிடக்கையில், நீர்மட்டம், உவர்த்தன்மை, நைத்திரேற்று மூன்றையும் ஊர் ஊராக அளக்க வேண்டும். எந்தக் கிணறு எதற்கு உதவும் என்பது அதன் பிறகே தெரியும். நைத்திரேற்று 50 ஐத் தாண்டிய, உப்பு ஏறாத கிணறு தோட்டத்துக்கு நல்ல கிணறு. அந்த எல்லையில் நிற்கும் நீரை 1,000 கன மீற்றர் பாய்ச்சினாலே ஏறத்தாழ 11 கிலோ நைதரசன், அதாவது அரை மூட்டை யூரியாவுக்குச் சமமானது, பயிருக்குப் போய்விடுகிறது. அந்த அளவுக்கு உரத்தைக் குறைக்கலாம். கிணறும் மெல்லத் தேறும். குழாய்க்கிணற்றுத் திட்டத்தில் இப்படி ஒரு வரி உண்டா?

கடல்நீர் ஆலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் மின்கட்டணமும், கடலில் திரும்பக் கொட்டும் செறிந்த உப்புநீரும் தனியாகப் பேச வேண்டியவை. இரணைமடு நீரைக் கேட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததற்கும் நியாயம் இருந்தது. ஆனால் கோடையில் தீவகத்தில் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்களிடம், உங்கள் காலடியில் கோடிக்கணக்கில் கிடக்கிறது என்று சொல்வது அறியாமையைத் தாண்டிய கொடுமை.

வாசகர்களுக்கு ஒன்று. கைக்குழந்தை உள்ள வீட்டார் இந்தச் சண்டை முடியும்வரை காத்திராமல் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது.