கடைசியா அடிச்ச மருந்துக்குத்தான் பேரு

சித்தப்பா மகள் வேளச்சேரியில இருக்கா. மொட்டை மாடியில பத்துப் பன்னெண்டு பை வெச்சு மிளகாய் போட்டிருக்கா. போன வாரம் போன்ல படம் அனுப்பினா. செடி இடுப்பு உயரம், இலையெல்லாம் கரும்பச்சை, பூவும் நெறைய. கீழே தரையைப் பாத்தா அதே பூ காம்போட கொட்டிக் கிடக்கு. "ரெண்டு மாசமா ஒரு காய் பிடிக்கலண்ணே. என்ன மருந்து அடிக்கலாம்?"னு கேட்டிருந்தா.

காய் ஏன் பிடிக்கலன்னு அவ கேக்கல பாருங்க. என்ன அடிக்கலாம்னுதான் கேட்டா. அவளைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. நானும் அப்படிக் கேட்டவன்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, கொள்ளிடக் கரையோரம் இருக்கிற முப்பது சென்ட்ல மிளகாய் நட்டேன். நாத்து கிடைச்சதே பங்குனி பொறந்த பிறகுதான். கிடைச்ச வரைக்கும் லாபம்னு நட்டுட்டேன். நட்டு நாப்பது நாள்ல பூ எடுக்கும்னு தெரியும். அந்த நாப்பதைக் கூட்டினா சித்திரைக் கத்திரியில போய் நிக்கும்னு கூட்டிப் பாக்கத்தான் தோணல. பூ வந்தது. வந்த வேகத்துல கொட்டவும் கொட்டுச்சு. காலையில பாருக்குள்ள நடந்தா மண்ணே வெள்ளையா தெரியும்.

உரக்கடைக்குப் போய் "பூ கொட்டுது"ன்னேன். எப்ப நட்டீங்க, என்ன உரம் வெச்சீங்க, தண்ணி எப்படின்னு ஒரு கேள்வி இல்ல. ஒரு பாட்டில் வந்தது. பத்து நாள் கழிச்சு நிக்கலன்னு போனேன், வேற பாட்டில். அப்புறம் மூணாவது. மருந்தும் அடிச்ச கூலியுமா நாலாயிரத்துச் சொச்சம். அதுல பாதி கடை நோட்டுல கடன்.

வைகாசி நடுவுல ரெண்டு நல்ல மழை பேஞ்சுது. மூணாவது பாட்டிலை அதுக்கப்புறம்தான் அடிச்சேன். ஆனி பொறந்ததும் காய் பிடிச்சது பாருங்க, கிளைக்குக் கிளை! அந்த மூணாவது பாட்டில் பேரை ஊர் பூரா நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேர் என் பேச்சை நம்பி வாங்கி அடிச்சாங்க.

முதல் பறிப்புக்கு இறங்கினப்பதான் கிழக்கு ஓரத்து ரெண்டு பார் கண்ணுல பட்டுச்சு. மூணாவது தடவை அடிக்கிறப்ப டேங்க் அங்க வந்து தீந்து போயிருந்தது. இருட்டிப்போச்சு, நாளைக்கு அடிச்சுக்கலாம்னு விட்டேன், அப்படியே மறந்துபோச்சு. அந்த ரெண்டு பாருலயும் மத்த பாருல இருக்கிற அதே அளவு காய்.

எங்க ஏலாக்குறிச்சி வீரமாமுனிவர் இருந்த ஊர். இத்தாலியில இருந்து வந்த மனுஷன், இதுக்குத் திருக்காவலூர்னு பேரு வெச்சார். பரமார்த்த குரு கதை எழுதினவரும் அவர்தான். அதுல சீடப்பிள்ளைங்க பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு காசு குடுத்து வாங்குவாங்க. அந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்ச ஊர்ல இருந்துக்கிட்டு நான் மூணு முட்டை வாங்கியிருக்கேன்.

நடந்தது என்னன்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். மிளகாய்ப் பூவுல ஆணும் பெண்ணும் ஒண்ணாத்தான் இருக்கு. தன் மகரந்தத்தாலேயே காய் பிடிச்சுக்கும். ஆனா அந்த மகரந்தம் பூ விரியற அன்னிக்கு உருவாகிறது இல்ல. ஏறக்குறைய ரெண்டு வாரம் முன்னாடியே, மொட்டு குண்டூசித் தலை அளவுல இருக்கிறப்பவே அந்த வேலை ஆரம்பிச்சிடுது. அந்த நேரத்துல பகல் 38, 40 டிகிரின்னு காஞ்சு, ராத்திரியும் 28க்குக் கீழ இறங்கலன்னா மகரந்தம் சத்தில்லாமப் போயிடும். பூ பாக்க லட்சணமா விரியும், உள்ள சரக்கு இருக்காது. கரு பிடிக்காத பூவைச் செடி வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? காம்போட கழட்டி விட்டுடும்.

மழை பேஞ்சு குளுந்தாலும் மறுநாளே காய் பிடிக்காததுக்கும் இதுதான் காரணம். குளுந்த பிறகு உருவான மொட்டு விரிய ரெண்டு வாரம் ஆகும். அந்த ரெண்டு வாரத்துல நமக்குப் பொறுமை இருக்காது, எதையாவது வாங்கி அடிச்சிருப்போம். பேரு அந்தப் பாட்டிலுக்குப் போயிடும். நான் அடிச்சது மருந்தா இல்லாம வெறும் தண்ணியா இருந்திருந்தாலும் ஆனியில காய் பிடிச்சிருக்கும்னுதான் அந்த ரெண்டு பாரும் சொல்லுது.

பூ கொட்டுறதுக்கு மருந்தே கிடையாதுன்னு நான் சொல்ல வரல. என்.ஏ.ஏ.ன்னு ஒரு வளர்ச்சி ஊக்கி இருக்கு. லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுல, நட்ட 60ஆம் நாளும் 90ஆம் நாளும் தெளிக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரை வெச்சிருக்கு. அளவு ரொம்ப முக்கியம். இதே சரக்கை ஆப்பிள் மரத்துல பிஞ்சை உதிர்க்கவும் பயன்படுத்துறாங்க. நம்மாளுங்க மூடி அளவுக்கு ரெண்டு மூடியா ஊத்திட்டு இன்னும் கொட்டுதேன்னு மூணாவது மூடிக்குப் போறது எனக்குத் தெரியும்.

பூச்சியும் உண்டு. 2021 கடைசியில ஆந்திராவிலயும் தெலங்கானாவிலயும் ஒரு கருப்பு இலைப்பேன் புகுந்து மிளகாயை அழிச்சுது. அது பூவுக்குள்ளயே குடியிருக்கிற ஜாதி. ஆளுங்க பயந்துபோய் கண்ட மருந்தையும் கலந்து அடிக்க, அதைத் தின்னுற நல்ல பூச்சிதான் முதல்ல செத்துது. மார்கழி, தையில குளுமையா இருக்கிறப்ப பூ கொட்டினா வெயில் மேல பழி போடாதீங்க. பூவைப் பறிச்சு வெள்ளைத் தாள் மேல தட்டிப் பாருங்க. கருப்பா நூல் துண்டு மாதிரி ஏதாவது ஓடினா அப்புறம் மருந்தைப் பத்திப் பேசலாம்.

தங்கச்சி செடிக்கு வரேன். அந்தக் கரும்பச்சையைப் பாத்ததுமே சந்தேகம். என்னம்மா வெக்கிறன்னு கேட்டேன். கடலைப்புண்ணாக்கு ஊறவெச்ச தண்ணி, வாரத்துக்கு ரெண்டு தடவையாம்! புண்ணாக்கு முழுக்கத் தழைச்சத்து. செடி இலை போடுறதுலயே குறியா இருக்கும், காயைப் பத்தி நெனைக்காது. போதாக்குறைக்கு மாடித் தளம். பகல் பூரா சூடு குடிச்ச கான்கிரீட் ராத்திரி பூரா அதைக் கக்கும். எங்க வயல்ல மண்ணாவது விடியக்காலம் ஆறிடும், அவ பைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. புண்ணாக்கை நிறுத்து, பையைச் செங்கல் மேல தூக்கி வை, மதியத்துக்கு மேல நிழல் வலை கட்டு, சாயங்காலம் தரையைத் தண்ணி விட்டு நனைன்னு சொன்னேன். காயவிட்டு ஒரேயடியா ஊத்துற பழக்கமும் வேணாம், அதுக்கும் பூ கொட்டும். குடைமிளகாய் ரெண்டு பை வெச்சிருக்கா, அதுக்கு ராத்திரி 24 டிகிரியே அதிகம். கார்த்திகை வரைக்கும் அதை மறந்துட வேண்டியதுதான்.

இதை நகரத்துல இருக்கிற உங்ககிட்ட இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மிளகாய் வாரத்துக்கு ஒரு பறிப்பு பறிக்கிற பயிர். செடியில பூவும் பிஞ்சும் பறிக்கிற காயும் ஒண்ணாத் தொங்கும். பூவுக்குன்னு அடிக்கிறது காய் மேலயும்தான் விழுது. தேவையில்லாம அடிச்ச பாட்டிலுக்கு என் நோட்டுல கடன் ஏறுது, அதோட மிச்சம் உங்க சட்னிக்கு வருது. கடைத் தம்பியைத் திட்டவும் எனக்கு மனசு வரல. வயலுக்கு வந்து பாத்துச் சொல்ல ஆள் இல்லாத ஊர்ல அவன்தான் வைத்தியன், விக்கிற பாட்டில்தான் அவனுக்குச் சம்பளம்.

அடிச்சே தீரணும்னு கை அரிச்சா அடிங்க. ஆனா ரெண்டு பையை மட்டும் அடிக்காம விட்டு, கயிறு கட்டி அடையாளம் வைங்க. நான் இப்ப எது அடிச்சாலும் கிழக்கு ஓரம் ரெண்டு பாரை விட்டுட்டுத்தான் அடிக்கிறேன். அதுக்கப்புறம் ரெண்டு சரக்கு வாங்குறதையே நிறுத்திட்டேன். வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும் பாஸ் ஆச்சு, அதுவும் சில மாசத்துலதான். தேமோர்க் கரைசலைப் பத்தி இன்னும் தீர்ப்பு சொல்லல. ஒரு வருஷம் வித்தியாசம் தெரிஞ்சுது, அடுத்த வருஷம் தெரியல. இந்த வருஷமும் பாத்துட்டு எழுதுறேன்.

தங்கச்சிக்கு இதையெல்லாம் குரல் பதிவுல ஏழு நிமிஷம் பேசி அனுப்பினேன். கேட்டுட்டா, நீலக்கோடு விழுந்திருக்கு. நேத்து பதில் வந்துது: "சரிண்ணே. அதுவரைக்கும் வேற ஏதாவது அடிக்கலாமா?"