ரோமில் நல்ல ஐஸ்கிறீம் தேடும் சகோதரிக்கு



இத்தாலி என்றதும் நம்மவர் பலருக்கு அங்கு தொழில் புரியும் உறவினர் யாராவது ஒருவர் நினைவுக்கு வருவார். ரோம், மிலான், நேப்பிள்ஸ் நகரங்களில் இலங்கையர் பலர் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்களைப் பார்க்கப் போகும் சகோதரிகளும் உண்டு. அங்கு போய் இறங்கியதும் பிள்ளைகள் முதலில் கேட்பது என்ன தெரியுமா? ஐஸ்கிறீம்தான்! ஆகவே, ரோம் நகரில் நல்ல ஐஸ்கிறீம் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முறை ரோமுக்குப் போனபோது, உல்லாசப் பிரயாணிகள் குவியும் இடத்தில் ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மலை மலையாக ஐஸ்கிறீம். ஒன்றின் மேல் உலர்ந்த திராட்சை தூவியிருந்தது. "திராட்சைதானே" என்று மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் உண்டவள் முகத்தைச் சுளித்தாள். முகர்ந்து பார்த்தேன், மது வாடை! 'மாலகா' என்ற அந்த வகைக்குத் திராட்சையை றம்மில் ஊற வைப்பார்களாம். கடைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மேல் என்ன குற்றம்? வாங்கும்போது நான்தான் கேட்கவில்லை. மொழி தெரியாத வெட்கம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றி விசாரித்து அறிந்துகொண்டேன்.

இத்தாலியர் இதை 'ஜெலாத்தோ' என்பர். நாம் பெட்டியில் வாங்கும் ஐஸ்கிறீமுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இதில் பால் கூடுதல், கிறீம் குறைவு. ஆதலால் கொழுப்பும் குறைவு. அடிக்கும்போது உட்புகும் காற்றும் குறைவு. அதனால்தான் சிறு கிண்ணமும் கைக்குக் கனமாக இருக்கிறது. கடும் குளிரில் உறைய வைக்காமல் சற்று இளக்கமாகவே பரிமாறுவதால், நாக்கு மரத்துப் போகாமல் சுவை உடனே தெரிகிறது.

இனி, கடையைத் தெரிவு செய்வோம். வாசலில் நின்றே பார்க்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு.

முதலாவது, நிறம். பிஸ்தா கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் வேறு கடைக்கு நடையைக் கட்டுங்கள். அரைத்த பிஸ்தாவின் நிறம் மங்கிய பச்சை, சற்றுக் கபிலம் கலந்தது. வாழைப்பழம் மஞ்சளாக இருக்கக் கூடாது. நாம் வீட்டில் மசித்து வைத்தால் எப்படிச் சாம்பல் படர்கிறதோ, அப்படித்தான் இருக்க வேண்டும். எலுமிச்சை வெள்ளையாக இருக்கும்.

இரண்டாவது, குவியல். பெட்டிக்கு மேலே மலைபோல் எழுப்பி, பழத்தால் அலங்கரித்திருந்தால் சந்தேகப்படுங்கள். உருகாமல் அப்படி நிற்பதற்குக் காற்றும் கெட்டிப்படுத்தும் பொருட்களும் அதிகம் தேவை. பழைய வழக்கத்தைப் பேணும் கடைகள் சிலவற்றில் ஐஸ்கிறீமே கண்ணுக்குத் தெரியாது. மேசைக்குள் பதித்த ஆழமான உலோகக் குழிகளில் வைத்து மூடியிருப்பார்கள். நம் உம்மாமார் பலகாரத்தை மூடி வைப்பது போலத்தான்.

மூன்றாவது, பருவம். நடுக் குளிர்காலத்தில் பீச் பழமும் தர்ப்பூசணியும் இருக்கிறதென்றால், அது புதுப்பழம் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

ரோமில் பெயர்பெற்ற பழைய கடைகள் இரண்டைச் சொல்கிறேன். பாராளுமன்றத்துக்கு அருகில் இருப்பது ஜொலித்தி. மற்றது ஃபாஸ்ஸி. 1880 இல் தொழிலைத் தொடங்கிய இவர்கள், 1928 இல் 'குளிர் மாளிகை' என்று பொருள்படும் பெயரில் பெரிய கடையைத் திறந்தார்கள். இது விட்டோரியோ சதுக்கத்துக்கு அருகில் உள்ளது. பங்களாதேஷ் சகோதரர்களின் கடைகளும், ஹலால் இறைச்சி விற்கும் சந்தையும் அப்பகுதியிலேயே இருப்பதால், சாமான் வாங்கப் போகும்போதே எட்டிப் பார்க்கலாம். இத்தகைய பழைய கடைகளில் முதலில் காசாளரிடம் பணம் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெற்று, பிறகே மேசைக்குப் போக வேண்டும். இது தெரியாமல் வரிசையில் நின்று ஏமாறாதீர்கள்.

இவை ஹலால் கடைகள் என்று நான் கூற வரவில்லை. பழம்பெரும் கடையிலும் மது கலந்த வகைகள் இருக்கலாம். பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மாலகாவில் றம். ஸபயோனே என்பது முட்டைக் கருவோடு மர்ஸாலா என்னும் வைன் சேர்ந்தது. ட்ஸுப்பா இங்லேஸே என்பதில் அல்கேர்மெஸ் என்ற சிவப்பு மதுபானம். திராமிசுவிலும் பெரும்பாலும் மது சேர்ப்பர். சிசிலி பாணியில் பனிஸ் போன்ற ரொட்டிக்குள் ஐஸ்கிறீம் வைத்துத் தருவார்கள். அந்த ரொட்டியில் 'ஸ்த்ருத்தோ', அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்க்கும் வழக்கம் உண்டு. ஜெலற்றினும், 'ஈ 471' என்று குறிக்கப்படும் பொருளும் விலங்கிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

பயந்துவிடாதீர்கள். 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதி செய்யாமல் விற்கும் ஐஸ்கிறீமுக்கும் சேர்மானங்களின் பட்டியலை இத்தாலியக் கடைகள் பலகையிலோ பதிவேட்டிலோ வைத்திருக்க வேண்டும். அதைப் பார்ப்பது உங்கள் உரிமை. கேட்க இரண்டு வசனங்கள் போதும். "சே ஆல்கொல்?" என்றால் மது உண்டா என்று பொருள். "சே ஜெலத்தீனா?" என்றால் ஜெலற்றின் உண்டா என்று பொருள்.

இதில் ஒரு நன்மையையும் கண்டேன். தானே பால் காய்ச்சி, தானே கொட்டை அரைத்துச் செய்பவர் இக்கேள்விக்கு உடனே பதில் சொல்கிறார். பெருமையோடு விளக்கவும் செய்கிறார். தொழிற்சாலைத் தூளைக் கரைத்து விற்பவர்தான் விழிக்கிறார். ஹலாலைத் தேடி நாம் கேட்கும் கேள்வியே தரமான கடையையும் காட்டிக் கொடுத்துவிடுகிறது!

சந்தேகம் தீராவிட்டால் எளியதைத் தெரிவு செய்யுங்கள். 'லிமோனே' எனப்படும் எலுமிச்சை 'சொர்பெத்தோ'வில் பொதுவாகத் தண்ணீர், சீனி, எலுமிச்சை, இறுகச் செய்ய கரோப் கொட்டை மா போன்றவைதான். சொர்பெத்தோ என்ற சொல்லின் வேர் நமது சர்பத் என்பது உங்களுக்குத் தெரியுமா? அறபு மொழியிலிருந்து துருக்கி வழியாக இத்தாலிக்குப் போன சொல் அது. 'ஃபியோர் டி லாத்தே' என்பது முட்டையும் சேராத வெறும் பால் சுவை. இது நன்றாக இருந்தால் அந்தக் கடையில் மற்றவையும் நன்றாக இருக்கும் என்பார்கள்.

கோடையில் போவோருக்கு இன்னொன்று. டைபர் ஆற்றங்கரைச் சிறு கடைகளில் 'கிறத்தகெக்கா' கிடைக்கும். ஐஸ் கட்டியைக் கையாலேயே சீவி, மேலே பழப்பாகும் பழத்துண்டும் இடுவார்கள். புளிப் பாகும் உண்டு. அதை அவர்கள் அழைப்பது 'தமரிந்தோ' என்று. 'தம்ர் ஹிந்தி' என்ற அறபுச் சொல்லேதான்! இங்கும் பாகைப் பற்றிக் கேட்டே வாங்குங்கள்.

சகோதரிகளே, ஊரில் கடைக்குப் போனால் பெட்டியைத் திருப்பிப் பார்க்காமல் நாம் எதையும் வாங்குவதில்லை. வெளிநாட்டில் மட்டும் வெட்கம் ஏன்? அடுத்த முறை போனபோது, நான் வாய் திறக்கும் முன்பே என் மகள் மேசைக்கு எட்டி நின்று, "சே ஆல்கொல்?" என்று கேட்டாள். கடைக்கார அம்மா சிரித்து, பதிவேட்டை எடுத்து எங்கள் முன் விரித்தார். அன்று உண்ட எலுமிச்சை சொர்பெத்தோவின் சுவை இன்னும் நாவில் இருக்கிறது.

வஸ்ஸலாம்.