இந்தப் பாம்பு எங்கே பிறந்தது?

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பார்கள்.

ஆனால், மனிதனைக் கண்டு தானே நடுங்குகிற ஒரு பாம்பும் உலகத்தில் இருக்கிறது. யாராவது கிட்டே போனால் அது சீறாது. ஓடவும் ஓடாது. உடம்பைச் சுருட்டிச் சுருட்டிப் பந்து போல ஆகிவிடும். தலையை அந்தப் பந்தின் நடுவே ஒளித்துக்கொள்ளும்.

அதனால், வெள்ளைக்காரர்கள் அதற்குப் "பால் பைத்தான்" என்று பெயர் வைத்தார்கள். "பால்" என்றதும், பால் குடிக்கும் பாம்போ என்று எண்ணிவிடாதீர்கள்! ஆங்கிலத்தில் "பால்" என்றால் பந்து. (எந்தப் பாம்பும் பாலைத் தேடிக் குடிப்பது இல்லை. அது வேறு கதை.) நாம் பந்துப் பாம்பு என்றே சொல்லுவோம்.

இது மலைப்பாம்பு இனம். ஆனால், சிறியது. மூன்று அடி முதல் ஐந்து அடி வரை வளரும். விஷம் கிடையாது. சாதுவானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாய், பூனை வளர்ப்பது போல இதை வீட்டில் வளர்க்கிறார்கள்.

அங்கே வளர்த்தால் நமக்கு என்ன என்கிறீர்களா?

பைக்குள் பாம்பு

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னை விமான நிலையத்தில் இரண்டு பைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பாங்காக்கில் இருந்து வந்த பைகள். சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே 45 பந்துப் பாம்புகள்! அவற்றோடு வேறு எட்டுப் பாம்புகள், மூன்று சின்னக் குரங்குகள், மூன்று நட்சத்திர ஆமைகள். எல்லாவற்றையும் விமானத்தில் ஏற்றி, வந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்திலும் இது நடந்தது. கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன.

வாங்குவதற்கு ஆள் இல்லாமல் இத்தனை பாம்புகளை யாராவது பெட்டியில் அடைத்துக்கொண்டு வருவார்களா? நம் ஊரிலேயே யாரோ வாங்கத் தயாராக இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சை எடுத்தோம்.

பாம்பு வளர்ப்பது சரியா, தவறா என்பது அல்ல நம் கேள்வி. அது எங்கே பிறந்தது என்பதுதான் கேள்வி.

பொந்தில் வாழும் பாம்பு

இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. மேற்கே செனகல் நாட்டில் இருந்து கிழக்கே உகாண்டா வரை புல்வெளிகளிலும் வயல்களிலும் இருக்கிறது. எலி தோண்டிய வளையிலும், பழைய கரையான் புற்றிலும் பகல் முழுவதும் படுத்திருக்கும். இருட்டிய பிறகு இரைக்குப் போகும். எலிதான் முக்கியமான சாப்பாடு. சிறிய ஆண் பாம்புகள் மரம் ஏறிப் பறவைக் குஞ்சுகளையும் பிடிக்கும்.

ஒரு முறைக்கு ஐந்தாறு முட்டைகள்தான் இடும். கோழியைப் போல அடை காக்கும். இரண்டு மாதம், முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்தபடியே கிடக்கும். அதுவரை தாய்க்குச் சாப்பாடு இல்லை.

பெனின் நாட்டில் வீடா என்று ஓர் ஊர் உண்டு. அங்கே இந்தப் பாம்புக்குக் கோவிலே இருக்கிறது! கோவிலுக்கு எதிரே கிறிஸ்தவ தேவாலயம். பாம்பு ஊருக்குள் வந்தால் யாரும் அடிப்பது இல்லை. பத்திரமாக எடுத்துக் கோவிலில் சேர்க்கிறார்கள். புற்றுக்குப் பால் ஊற்றும் நம் ஊர்ப் பெண்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியது இல்லை.

ஆனால், அதே பெனினிலும், பக்கத்தில் உள்ள டோகோ, கானா நாடுகளிலும்தான் இந்தப் பாம்பு வியாபாரம் நடந்தது, இன்னும் நடக்கிறது. 1975-ம் ஆண்டு முதல் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து ஏற்றுமதியான பந்துப் பாம்புகள் 30 லட்சத்துக்கும் மேல்!

"பண்ணை" என்றால் என்ன?

அடை காக்கும் காலம் வந்ததும் கிராமத்து ஆட்கள் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறார்கள். வளையைத் தோண்டுகிறார்கள். சினைப் பாம்பு கிடைத்தாலும் பிடிப்பார்கள்; முட்டை கிடைத்தாலும் எடுப்பார்கள்; குஞ்சு கிடைத்தாலும் விடமாட்டார்கள். எல்லாம் வியாபாரியின் கொட்டகைக்குப் போகின்றன. அங்கே முட்டை பொரிக்கிறது. குஞ்சுகள் கப்பல் தேசத்துக்கு விமானம் ஏறுகின்றன.

இதற்குத்தான் "பண்ணை" என்று பெயர். பண்ணையில் பிறந்த குஞ்சு என்று சொல்லி விற்கிறார்கள். கேட்கிறவர்கள், தாயும் தகப்பனும் பண்ணையிலேயே இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் தாய் காட்டில் இருந்து வந்தது. முட்டை இட்டபின் சில தாய்களைத் திரும்பவும் விடுகிறார்கள். பிடித்த அதே இடத்தில் விடுவார்கள் என்று சொல்வதற்கு இல்லை.

உலக நாடுகள் செய்துகொண்ட சைட்டீஸ் ஒப்பந்தத்தில் இந்தப் பாம்பும் இருக்கிறது. அதன்படி ஏற்றுமதிச் சீட்டில் ஓர் எழுத்துப் போடவேண்டும். "டபிள்யூ" என்றால் காட்டில் பிடித்தது. "ஆர்" என்றால் மேலே சொன்ன பண்ணை. "சி" என்றால் மனிதரிடம் வளரும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தது. ஒரே ஓர் எழுத்து! பாம்பின் ஜாதகமே அதில் அடங்கிவிடுகிறது.

2021-ம் ஆண்டில், இந்தப் பாம்பு ஆபத்தின் எல்லையை நெருங்கிவிட்டது என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது.

அப்படியானால், பிடிக்கிற ஆப்பிரிக்க விவசாயி குற்றவாளியா? நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அவனுக்குக் கிடைப்பது சில்லறை. லாபம் வேறு இடத்தில் போய்ச் சேருகிறது. அவன் வயலில் எலி தின்ற பாம்பு போனபின், எலி தின்னுகிற தானியமும் அவனுடையதுதான்.

சாப்பிடாத பாம்பு

காட்டில் பிடித்த பாம்பு விலை குறைவு. அதைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் உண்டு. பிறகு என்ன நடக்கிறது?

பாம்பு சாப்பிடாது! ஆப்பிரிக்கக் காட்டு எலியைத் தின்று வளர்ந்த பாம்புக்கு, கடையில் விற்கிற வெள்ளை எலி சாப்பாடாகவே தெரியாது. பயம் வேறு. உடம்பில் உண்ணி இருக்கும். வயிற்றில் புழு இருக்கும். வாங்கியவர் வாரக் கணக்கில் காத்திருப்பார். பாம்பு இளைத்து இளைத்து, முதுகெலும்பு கூரை போலத் தெரியும். ஒருநாள் செத்துவிடும்.

வளர்ப்புத் தாய்க்குப் பிறந்த குஞ்சு அப்படி அல்ல. வெள்ளை எலியைத் தின்று பழகியே வரும். ஆகவே, நல்ல வியாபாரியிடம் வாங்குகிறவர்கள், "நான் பார்க்கும்படி ஒரு தடவை இரை கொடுங்கள்" என்று கேட்பார்கள். தாய் தகப்பனையும் காட்டச் சொல்லுவார்கள். காட்ட மறுத்தால் வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான்.

எலி கொடுப்பதிலும் முறை இருக்கிறது. பாம்பின் உடம்பு எவ்வளவு பருமனோ அவ்வளவு பருமனான எலி போதும். குஞ்சுக்கு வாரம் ஒரு தடவை. பெரிய பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அதிகம் கொடுத்தால் அதுவும் மனிதனைப் போலத் தொந்தி போட்டுவிடும்.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாம்புக்கு அன்று பசி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எலிக்குப் பசி வந்துவிடும். விடியும்போது பாம்பின் முதுகை எலி கடித்துக் குதறி இருக்கும்! அதனால்தான், உறைய வைத்த எலியை வாங்கி, வெந்நீரில் குளிர் விடும்வரை வைத்துக் கொடுக்கிறார்கள். தின்ற பிறகு இரண்டு நாள் பாம்பைத் தூக்கக்கூடாது. தூக்கினால் கக்கிவிடும்.

நல்ல ஆரோக்கியமான பந்துப் பாம்பும் சில சமயம் மாதக் கணக்கில் பட்டினி கிடக்கும். அது அதன் குணம். எடை குறையாத வரை பயம் இல்லை. எடை குறைந்தால் முதலில் பெட்டியின் சூட்டைப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் 32 டிகிரி, மறு பக்கம் 26 டிகிரி இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால் சட்டை கழலாது. நன்றாக இருக்கிற பாம்பு, காலுறையைக் கழற்றுவது போல ஒரே துண்டாகச் சட்டை உரிக்கும். துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தால் எங்கேயோ கோளாறு.

வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை வந்தாலோ உடனே டாக்டரிடம் போகவேண்டும். பாம்பைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பாம்பின் உடம்பில் இருக்கும் ஒரு கிருமி, மனிதருக்குப் போனால் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் பாம்பே வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள்.

தலை ஆடும் பாம்பு

வளர்ப்புப் பாம்பு என்றால் எல்லாம் சரியா? அதுவும் இல்லை.

வெள்ளை, மஞ்சள், புள்ளி இல்லாதது என்று புதுப் புது நிறத்தில் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். புது நிறத்துக்கு விலை அதிகம். அவற்றில் "சிலந்தி" என்று ஒரு வகை. வலை பின்னியது போல அழகான கோடுகள். ஆனால், அந்தப் பாம்புக்குத் தலை ஆடும். சில சமயம் குப்புறப் புரளும். இரையைப் பார்த்துக் கொத்தினால் குறி தவறும். காதின் உள்பாகம் கோணலாக அமைவதுதான் காரணம் என்று 2022-ம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள். கோடும் கோளாறும் சேர்ந்தே வருகின்றன. அழகுக்காக, தலை நிற்காத ஒரு ஜீவனைத் தெரிந்தே பிறக்க வைக்கிறார்கள். காட்டில் வளையைத் தோண்டுகிறவனை விட இது எந்த விதத்தில் நல்லது?

இன்னொன்றும் யோசிக்கவேண்டும். இந்தப் பாம்பு 20, 30 ஆண்டு உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகர மிருகக்காட்சி சாலையில் ஒரு பெண் பாம்பு. 1961-ம் ஆண்டு வந்தது. 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் அது ஏழு முட்டை இட்டது! அப்போது அதற்கு வயது அறுபதுக்கு மேல். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது ஆண் பாம்பின் முகத்தைக்கூடப் பார்த்தது இல்லை!

பள்ளிக்கூடம் போகும் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் மகனும் அந்தப் பாம்புக்கு எலி கொடுக்க நேரலாம்.

நம் நாட்டில்

நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்கள் அதை அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டும் என்று 2024-ம் ஆண்டு விதி வந்திருக்கிறது. பெட்டியில் திருட்டுத்தனமாக வந்த பாம்புக்கு ஏது சீட்டு? ஏது எழுத்து? தாய் யார், தகப்பன் யார் என்று விற்கிறவனுக்கே தெரியாது.

ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, இப்போது பயந்துபோய், ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். விடாதீர்கள். அது நம் ஊர்ப் பாம்பு அல்ல. அதன் நோய் நம் பாம்புகளுக்குத் தொற்றலாம். பார்க்கிறவர்களும் கண்ணாடி விரியன் என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுவார்கள். வனத்துறை அலுவலகத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.